விக்கிரவாண்டி வரைக்கும்

விழுப்புரம்
13.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவள்ளி எழுதுகிறேன். என் உடம்பு தேறி வருகிறது. படுத்து எழும்போது மட்டும் தையல் போட்ட இடம் இழுக்கிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

திண்டிவனம் ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான், கையில் போனும் இருக்கிறது, பிறகு எதற்கு இவள் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பாப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சரி, சரி, நீ உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிடுகிறீர்கள். வைத்த பிறகு நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே அம்பிகா என்று ஒரு மேடம் இருக்கிறார். குறைமாதக் குழந்தையைப் பெற்றவர்களிடம் பேசுவதுதான் அவர் வேலை. புதன்கிழமைகளில் அம்மா அப்பாக்களை ஒரு அறையில் வட்டமாக உட்கார வைத்து, மனதில் இருப்பதைப் பேசச் சொல்வார். நேற்று போனேன். எல்லாரும் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் என் பை இருந்தது. கோட்டக்குப்பத்துப் பெண் ஃபஸீஹா மட்டும்தான் என்னைப் போலத் தனியாக வந்தவள். அவள் கணவர் துபாயில் இருக்கிறார்.

என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. அம்பிகா மேடம்தான் சொன்னார்: "வாயால வரலன்னா பேப்பர்ல எழுதுங்கம்மா. எழுதறப்ப எதிர்ல ஆளு இருக்க மாட்டாங்க. கூச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கும். வீட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்க."

அதனால் எழுதுகிறேன். நம் பெண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இன்னும் ஒரு கிலோ வரவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாய் போகிறது. நான் பீய்ச்சிக் கொடுக்கிற பால் அதில்தான் இறங்குகிறது. பெட்டியில் ஒட்டிய அட்டையில் 'அம்சவள்ளி பாப்பா' என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அவளை முதல் நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். அதற்குப் பிறகு உள்ளே வரவேயில்லை. அப்பாக்களையும் உள்ளே விடுகிறார்கள், மாமா. கை கழுவிக்கொண்டு வந்தால் போதும்.

தேவயானி அண்ணி விக்கிரவாண்டியிலிருந்து சாப்பாடு கொண்டுவரும்போது பதிலைக் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அம்சா


திண்டிவனம்
16.2.2025

அன்புள்ள அம்சாவுக்கு,

வெற்றிச்செல்வன் எழுதுவது. இங்கு நான் நலம். உனக்குச் சீக்கிரம் குணமாகப் பனமலை ஈஸ்வரனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். தையலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

கடையில் வேலை நெரிசல். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம், கரண்ட் ஏறியும் இறங்கியும் வருகிறது. உள்ளே கம்பிச் சுருளான காயில் கருகிப்போன மோட்டார்கள் வாசல் வரைக்கும் நிற்கின்றன. ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டி முடிப்பதற்குள் அடுத்த மோட்டாரை இறக்குகிறார்கள். மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாமல் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

சமையற்கட்டுக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன். உனக்கு ஒரு புதுத் தலையணை வாங்கி தேவயானி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். இருமல் இன்னும் விடவில்லை. இருமலோடு உள்ளே வரக்கூடாது என்று அங்கே போர்டு இருக்கிறதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
வெற்றி


விழுப்புரம்
19.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தலையணை வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருமலுக்கு மிளகு தட்டிப் பாலில் போட்டுக் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் மோட்டார் இருக்கிறது, குழாய் இருக்கிறது, மேல்சித்தாமூர்க்காரர் இருக்கிறார். பாப்பா என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை.

என்மேல் உங்களுக்குக் கோபமா? அப்படியிருந்தால் சொல்லிவிடுங்கள். எனக்கே என்மேல் கோபம்தான். போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது, அதற்குள் தெருவெல்லாம் லட்டு கொடுத்து முடித்திருந்தீர்கள். அதன்பிறகு குழாயடியில் போய் நிற்கவே எனக்குக் கூசியது. இந்தத் தடவை ஏழாவது மாதத்திலேயே வெளியே தள்ளிவிட்டேன். மற்றவர்கள் வயிறு செய்கிற வேலையை என் வயிறு செய்யவில்லை. இப்போது அதை ஒரு மெஷின் செய்துகொண்டிருக்கிறது. பால் பீய்ச்சுகிற அறையில் பக்கத்துப் பெண்களின் கிண்ணம் நிறைகிறது. எனக்கு அடியில் ஒட்டுகிறது. நான் கிண்ணத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறேன்.

அவள் சில நேரம் மூச்சு விடவே மறந்துபோகிறாள். மெஷின் கத்தும். நர்ஸ் வந்து பாதத்தில் லேசாகச் சுண்டுவார். உடனே ஞாபகம் வந்தவளைப் போல மூச்சு விடுவாள். குறைமாதக் குழந்தைகளுக்கு இது சகஜம்தானாம், வளர வளரச் சரியாகிவிடுமாம். இதை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று இருந்தது.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் தினமும் போன் பண்ணிய கெங்கம்மாள் அக்கா இப்போது ஒரு தடவைகூடப் பண்ணவில்லை. தெருவில் வேறு யாரும் பண்ணவில்லை. என்ன ஆயிற்று?

அம்சா


திண்டிவனம்
23.2.2025

அன்புள்ள அம்சாவுக்கு,

நலம். உனக்கு மனது சஞ்சலமாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். வீணாக எதையும் யோசிக்காதே. உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இது சத்தியம்.

தெருவில் எல்லாருக்கும் அவரவர் வேலை. யாராவது போன் பண்ணினாலும் நீ எடுக்க வேண்டாம். இந்த நேரத்தில் ஊர்ப்பேச்சு நமக்கு எதற்கு? கண்ணு பட்டுவிடும்.

அக்காவிடம் கேப்பை மாவு கொடுத்திருக்கிறேன். அடை தட்டிக் கொண்டுவருவாள். பால் ஊறும் என்றார்கள்.

நன்றாகத் தூங்கு.

வெற்றி


விழுப்புரம்
28.2.2025

மாமாவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிருமி தொற்றிவிட்டது. நிறம் மாறி, துணியைப் போலத் துவண்டுபோனாள். மறுபடியும் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அன்று உங்களுக்குப் போன் மேல் போன் பண்ணினேன். நீங்கள் எடுக்கவில்லை. டாக்டர் வந்து, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அன்று முழுக்கக் கையை உள்ளே விட்டு அவள் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஃபஸீஹா எனக்காகவும் ஓதினாள். அவள் கணவர் யாஹ்யா துபாயிலிருந்து போனில் முகம் காட்டி, "தங்கச்சி, தைரியமா இருங்க" என்றார். யாரோ ஒருவர், கடலைத் தாண்டியிருந்து. நீங்கள் விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் வண்டியில் வந்து அண்ணியிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறீர்களாம். விக்கிரவாண்டி வரைக்கும் வர முடிகிறவருக்கு விழுப்புரம் அத்தனை தூரமா?

இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

அம்சவள்ளி


விழுப்புரம்
6.3.2025

மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராததும் நல்லதுதான். ஏன் வரவில்லை என்று எனக்கு இன்று தெரிந்துவிட்டது.

கெங்கம்மாள் அக்கா கண் காட்டுவதற்காக இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நான் டீ வாங்கக் கீழே இறங்கியபோது பார்த்துவிட்டார். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"அழாத கண்ணு. போனது போவட்டும். நீ சின்னவ. இன்னொன்னு பொறக்கும். உன் வூட்டுக்காரன் அப்ப மூணு நாளு கடையத் தொறக்கல, தெரியுமா? தெருவே போயி அவங்கூட உக்காந்துகினு இருந்துச்சு. உன் மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்லாமதாண்டி நான் போன் பண்ணல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எது போச்சுக்கா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் விளங்கிவிட்டது.

அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'என் பெண் மேலே மாடியில் இருக்கிறாள், இப்போதுதான் பால் கொடுத்துவிட்டு வந்தேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் தெருவில் எப்படி நடப்பீர்கள் என்று தோன்றியது. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "ஆமாக்கா" என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் இங்க கெடக்குற?" என்று கேட்டார். தையல் ஆறவில்லை என்றேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பால் கட்டி என் ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. அதையும் அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதார்.

அவர் போன பிறகு மாடிக்குப் போனேன். அவளுக்குப் பால் கொடுக்கிற நேரம். அவள் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அம்சவள்ளி


திண்டிவனம்
15.3.2025

அம்சாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கால் என் விரல் நீளம்கூட இல்லை. தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. தலைமயிர் மாதிரிக் கம்பியைச் சுற்றுகிறவன் நான். எவ்வளவு மெலிசானாலும் என் கைக்குள் அடங்கும் என்று பீற்றிக்கொள்வேன். அந்தக் காலைப் பார்த்ததும் என் கை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

மறுநாள் உனக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். குழாயடியில் கெங்கம்மாள் அக்கா, "இன்னாடா வெற்றி, இன்னா கொழந்த?" என்று கேட்டார். பெண் குழந்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தங்கலக்கா" என்று வந்துவிட்டது.

அவர் குடத்தைப் போட்டுவிட்டு அழுதார். இல்லையில்லை, இருக்கிறது என்று திருத்திச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அம்சா. இனி யாரும் தினமும் என்னை வழிமறித்து எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். போன தடவை லட்டு வாங்கினவர்கள் ஒவ்வொருத்தரும் கேட்டார்களே, அந்த மாதிரி கேட்கமாட்டார்கள். எப்படியும் சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிடும், வந்துவிட்டால் நான் சொன்னது பொய்யாகாது என்று நினைத்தேன். அப்படி நினைத்த அப்பன் நான்.

சாயங்காலம் வந்தது, செய்தி வரவில்லை. எதிர்க்கடை தாண்டவராயன் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீக்கடை மணிமாறன் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தான். நான் சாப்பிட்டேன். அவள் பிழைக்கப் பிழைக்க நான் பொய்யனாகிக்கொண்டே வந்தேன். உன் போன் அடித்தால் எடுக்கத் தயங்குவேன். நல்ல செய்தியாக இருந்தாலும் பயம், கெட்ட செய்தியாக இருந்தாலும் பயம். இருமல் எனக்கு எப்போதோ நின்றுவிட்டது.

தேவயானி அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. நீ சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. நேற்று டோல்கேட்டில் அவளிடம், "கொழந்த எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டேன். "நீதான் ஊரக் கூட்டிச் சாவடிச்சிட்டியே, என்ன எதுக்குடா கேக்குற? தெரியணும்னா நீயே போயிப் பாரு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அக்காவின் முகத்திலிருந்து எனக்கு எதையும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கிருமித்தொற்று சரியானதா, இல்லையா? இருக்கிறாளா என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

வெற்றிச்செல்வன்


விழுப்புரம்
16.3.2025

இருக்கிறாள்.

அம்சவள்ளி


திண்டிவனம்
24.3.2025

அன்புள்ள அம்சாவுக்கு,

உன் உடம்பு நேற்று மெலிந்து தெரிந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. சாப்பிடு.

நேற்று நான் வந்ததும் நீ நாற்காலியை விட்டு எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாய். அதில் தப்பில்லை. உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

வாசலில் நர்ஸம்மா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பாக, "அம்சவள்ளி பாப்பா அப்பாவா? துபாய்லேருந்து எப்ப சார் வந்தீங்க?" என்றார்.

என்ன நடந்திருக்கும் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நீ யாரிடம், எந்த நிலைமையில் அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, "நேத்துதாங்க" என்றேன். "அங்க வெயிலு ஜாஸ்தியா சார்?" என்றார். "ஆமாங்க, ஜாஸ்திதான்" என்றேன். கை கழுவி முடிக்கும் வரைக்கும் துபாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனைக்கும் நான் பாண்டிச்சேரியைத் தாண்டியதில்லை.

அம்பிகா மேடம் வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். நீ எழுந்துபோன நாற்காலியில் என்னைச் சாய்ந்து உட்கார வைத்தார். அவளைத் தூக்கி என் நெஞ்சில் படுக்க வைத்து, மேலே துணியால் கட்டினார்கள். கங்காரு மாதிரி வைத்துக்கொள்வதாம். எடையே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. என் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. "நடுங்கட்டும் சார், பரவால்ல, கைய எடுக்காதீங்க" என்றார் மேடம்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் கத்தியது. மூச்சு விட மறந்துவிட்டாள். நான் நர்ஸைக் கூப்பிடப் பார்த்தேன். பக்கத்திலேயே நின்றிருந்த அவர், "நீங்களே பாதத்துல சுண்டுங்க சார். பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். சுண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுண்டினேன். அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. மூச்சு வந்தது. என் நெஞ்சு மேலேயே வந்தது, அம்சா.

அதற்கு மேல் என்னால் அந்த நாற்காலியில் துபாய்க்காரனாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. "மேடம், நான் திண்டிவனங்க. மோட்டார் காயில் கட்டுறவன். துபாய் இல்லீங்க. என் பொண்டாட்டிமேல தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் கேப்பை அடை துபாய்லேருந்தா வருது? இந்த வார்டுல பாதி அப்பாங்க துபாய்லதான் இருக்காங்க. அதுல ஃபஸீஹா வூட்டுக்காரர் ஒருத்தர்தான் பிளைட்டுல போனவரு" என்றார்.

உன்னைக் கேட்காமல் உன் பொய்யை உடைத்துவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, இனி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறேன். நீ பேச வேண்டியதில்லை. நாற்காலியை மட்டும் விட்டுக்கொடு.

வெற்றி


விழுப்புரம்
29.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று நான் தூரமாகப் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியேதான் நின்றிருந்தேன். மெஷின் கத்தியதும், நீங்கள் சுண்டியதும் பார்த்தேன். உள்ளே ஓடிவரக் கதவில் கை வைத்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டேன்.

துபாய் என்று நான்தான் சொன்னேன். கிருமி தொற்றிய அன்று டாக்டர் கேட்டாரே, அப்போது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனுஷன் வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஃபஸீஹாவின் கணவரைப் போலவே எனக்கும் ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தால் எவ்வளவு கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. ஃபஸீஹா பக்கத்தில்தான் நின்றாள். கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்துவிட்டாள். அவள் புருஷனைத் திருடிவிட்டதைப் போல இருந்தது எனக்கு. போன புதன்கிழமை வட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். ஒரு அப்பா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அவர் நெய்வேலிக்காரராம். அவர் மனைவி அவரைச் சிங்கப்பூர் என்று சொல்லியிருந்தாள்.

ஆகவே பொய்யில் நீங்களும் நானும் ஒன்றுதான். ஆனால் ஒன்று மட்டும் சமமில்லை. நான் உங்களைத் துபாய்க்குத்தான் அனுப்பினேன்.

டாக்டர் இன்னும் இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். எடை ஏறிவிட்டது. இப்போது மூச்சை மறப்பதில்லை. எனக்கும் பால் நன்றாக வருகிறது. ஆனால் நான் இந்த நிலைமையில் கிடங்கலில் நம் தெருவுக்கு வரமாட்டேன். தெருவே அழுது முடித்த ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் எப்படி அந்தத் தெருவில் நடப்பது? நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். அண்ணி சொல்லக் கூடாது. நானும் சொல்லமாட்டேன். யாரிடமெல்லாம் தங்கவில்லை என்று சொன்னீர்களோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறாள் என்று நீங்களே சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அம்சா


திண்டிவனம்
9.4.2025

அன்புள்ள அம்சாவுக்கு,

நலம். போன தடவை பார்த்ததைவிட உன் முகம் தெளிந்திருக்கிறது. பாப்பாவும் கன்னம் வைத்திருக்கிறாள்.

அங்கே உன் எதிரில் இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த இரண்டாம் நாளே துணிந்து மணிமாறன் டீக்கடைக்குப் போனேன். நாலைந்து பேர் இருந்தார்கள். "எங்கொழந்த சாவல. உயிரோட இருக்குது. நான் பொய் சொல்லிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மணிமாறன் என் தோளைப் பிடித்து, "யோவ், இன்னிக்கி ஏப்ரல் ஒண்ணாந்தேதிதான், அதுக்காக இதுலயாய்யா வெளையாடுவ?" என்று திட்டினான். தேதி என் நினைவிலேயே இல்லை. ஒருவர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் அன்று தெம்பில்லை.

மறுநாள் அம்பிகா மேடத்தைக் கேட்டு, பாப்பாவை நெஞ்சில் கட்டியபடி என்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். மணிமாறன் போட்டோவை வெகுநேரம் பார்த்தான். "போயா பேஜாரு புடிச்சவனே" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் ஆற்றப் போய்விட்டான்.

தாண்டவராயன் போட்டோவை வாங்கவே இல்லை. எழுந்து தன் கடைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து நான் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்காகக் கடையைச் சாத்தியவர் அவர். அது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கெங்கம்மாள் அக்கா வீட்டுக்குத்தான் கடைசியாகப் போனேன். அவர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி அவ எதிர்ல நின்னு அழுதேனே. ரவிக்கையெல்லாம் நனைஞ்சிக்கினு ஆமாக்கான்னாளே. உனுக்காகவாடா சொன்னா?"

"ஆமாக்கா."

"பெத்தவ வாயாலயே அத சொல்ல வச்சிட்டியேடா பாவி."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். போட்டோவை என் கையில் திணித்து, "போட்டோல்லாம் எனக்கு வாணாம். உன் பேச்ச இனிமே எவன் நம்புவான்? நேர்ல பாக்குற வரைக்கும் நான் நம்ப மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

சொல்ல வேண்டியவர்கள் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. உன்னிடம் ஒன்று கேட்கலாமா? சனிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆனதும், கொஞ்சம் இருட்டிய பிறகு புறப்படலாம். ஆட்டோவை ஏரிக்கரைப் பக்கமாகத் திருப்பினால் கொல்லை வழியாக வீட்டுக்குள் போய்விடலாம். தெரு அடங்கட்டும், அப்புறம் மெதுவாகக் காட்டிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். உன் இஷ்டம்.

வெற்றி


விழுப்புரம்
10.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிந்துவிட்டது.

இருட்டிய பிறகு வேண்டாம். கொல்லை வழியும் வேண்டாம். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். தெருப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் கிடங்கல் போய்ச் சேர வேண்டும். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து நடந்து போகலாம்.

பாப்பாவை நீங்கள்தான் தூக்கிக்கொள்ள வேண்டும். தலைக்குக் குல்லா போடுங்கள், முகத்தை மூடாதீர்கள். யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம். யார் நிறுத்தினாலும் நின்று காட்டுங்கள். தாண்டவராயன் கடை எதிரிலும் நில்லுங்கள், அவர் திரும்பிக்கொண்டாலும் பரவாயில்லை. எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. நானே இன்னும் உங்கள் முகத்தை நேராகப் பார்க்கவில்லையே. கெங்கம்மாள் அக்கா கேட்டால் மட்டும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் என்ன கேட்டாலும் நான் வாய் திறக்கமாட்டேன், நீங்கள்தான் பேச வேண்டும்.

எல்லாரும் முதலில் என்ன பெயர் என்றுதான் கேட்பார்கள். அட்டையில் இன்றைக்கும் 'அம்சவள்ளி பாப்பா' என்றுதான் இருக்கிறது. ஒரு பெயர் யோசித்து வையுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம். ஆட்டோவில் வரும்போது அதை அவள் காதில் சொல்லிவிடுங்கள். தெருவுக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரியட்டும்.

அம்சா